ஐம்பதுக்கு ஐம்பது என்னும் கணக்கு

அசாமில் 2041ஆம் ஆண்டளவில் இந்துக்களும் முஸ்லிம்களும் சரிபாதியாகிவிடுவார்கள் என்று அம்மாநில முதலமைச்சர் ஹிமந்த பிஸ்வ சர்மா 2025 ஜூலையில் கூறியபோது, அது தம்முடைய கருத்தல்ல, மக்கள்தொகைக் கணக்கெடுப்பே தரும் விடை என்றும் விளக்கினார். மாநிலத்தின் 34 விழுக்காடு முஸ்லிம்களில் 3 விழுக்காட்டினர் மட்டுமே மண்ணுக்குரியவர்கள், ஏனைய 31 விழுக்காட்டினரும் குடியேறியவர்கள் என்பது அவர் சொன்ன பகுப்பு. அடுத்த மாதமே பிரதமர் தம் விடுதலை நாள் உரையில், மக்கள்தொகை மாற்றத்தை ஆராய்வதற்கென உயர் அதிகாரம் கொண்ட இயக்கம் ஒன்றை அறிவித்தார். இத்தகைய பேச்சுகளைக் குறை கூறுவோருக்கு ஆதரவாளர்கள் தரும் மறுமொழி, இதில் வெறுப்பு ஏதுமில்லை, இருப்பது கணக்கு மட்டுமே என்பதுதான். அந்தக் கணக்கு கணக்காகவேனும் நிற்கிறதா என்பது பெரும்பாலும் யாரும் சோதிக்காத கேள்வி.

இவ்விவாதத்துக்கு மெய்யான அடிப்படை உண்டு என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கிழக்கு வங்காளத்தின் மைமன்சிங் மாவட்டத்திலிருந்து நிலமற்ற உழவர்கள் பெருந்திரளாக வந்து பிரம்மபுத்திரா சமவெளியில் குடியேறினர்; ஊர்களுக்குள் கோடு கிழித்து, அதைத் தாண்டி அவர்கள் நிலம் கொள்ளக் கூடாது என்று தடுத்த 'கோட்டு முறை' 1920இலேயே தொடங்கிவிட்டது. அண்டை மாநிலமான திரிபுராவில் பழங்குடிகள் தம் சொந்த மண்ணில் சிறுபான்மையாகிப்போனதைக் கண்முன் கண்ட ஒரு மொழியினம் அஞ்சுவதில் வியப்பில்லை. (திரிபுராவின் அந்த மாற்றத்தை நிகழ்த்தியவர்கள் பெரும்பாலும் இந்து அகதிகள் என்பதை மட்டும் இப்போதைய மேடைகள் சொல்வதில்லை.) குடியேற்றமே நடக்கவில்லை என்று சாதிக்கும் எதிர்த்தரப்பு எழுத்துகளும் நேர்மையானவை அல்ல.

எனினும் இவ்விவாதத்தின் அடிப்படை முறையிலேயே ஒரு பிழை இருக்கிறது. மற்றக் குறைகள் அதிலிருந்து கிளைத்தவை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஒருவரின் மதத்தை ஒரு பட்டியலிலும், பிறந்த இடத்தை வேறொரு பட்டியலிலும் பதிகிறது. அசாம் விவாதமோ மதப் பட்டியலையே குடியேற்றப் பட்டியலாக வாசிக்கிறது. பிறப்பிடம் கேட்டால் சட்டத்துக்குப் புறம்பாக வந்தவர் உண்மை சொல்லமாட்டார் என்ற வாதம் நியாயமானதே. ஆனால் ஒரு பட்டியல் நம்பத்தக்கதல்ல என்பதனால், குடியேற்றத்தைப் பற்றிக் கேட்கவே கேட்காத இன்னொரு பட்டியல் அதற்குச் சான்றாகிவிடாது.

எண்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் இது விளங்கும். 1951க்கும் 1971க்கும் இடைப்பட்ட இரு பத்தாண்டுகளிலும் அசாமின் மக்கள்தொகை ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 35 விழுக்காடு வளர்ந்தது. இந்தியாவின் வளர்ச்சி அப்போது 22, 25 விழுக்காட்டளவில்தான் இருந்தது. வெளியிலிருந்து பெருந்தொகையினர் வந்ததற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி வேண்டியதில்லை. ஆனால் அதே இருபது ஆண்டுகளில் முஸ்லிம்களின் பங்கு ஏறவில்லை. 25 விழுக்காட்டை ஒட்டியே நின்றது, ஏனெனில் வந்தவர்களில் இந்து அகதிகளும் பெருமளவில் இருந்தனர். 1971க்குப் பின் நிலைமை தலைகீழானது. 1971 முதல் 1991 வரை அசாம் 53 விழுக்காடும் இந்தியா 54 விழுக்காடும் வளர்ந்தன. 1991–2001இல் அசாம் 18.9, இந்தியா 21.5, 2001–2011இல் அசாம் 17.1, இந்தியா 17.7. நாட்டின் சராசரியை எட்டாத வளர்ச்சி கொண்ட இந்த நாற்பது ஆண்டுகளில்தான் முஸ்லிம்களின் பங்கு 24.6 விழுக்காட்டிலிருந்து 34.2 விழுக்காடாக உயர்ந்தது. ஊடுருவல் அறவே நின்றுவிட்டது என்று இந்த ஒப்பீடு நிறுவாது; ஒரு சமூகத்தின் குறைந்த வளர்ச்சி இன்னொன்றன் வரவை மறைத்திருக்கவும் கூடும். ஆயினும் பங்கு உயர்ந்ததைக் கண்டதும் எல்லைவேலியைச் சுட்டுகிறவர்கள், குடியேற்றம் உச்சத்தில் இருந்தபோது அப்பங்கு ஏன் அசையவில்லை என்பதற்கு விடை சொல்லியாக வேண்டும்.

உயர்வின் பெரும்பகுதிக்கு விளக்கம் மகப்பேற்று அறைகளிலேயே கிடைக்கிறது. மொத்தக் கருவுறுதல் விகிதம் என்பது ஒரு பெண் தன் வாழ்நாளில் பெறக்கூடிய குழந்தைகளின் சராசரி எண்ணிக்கை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2005–06இல் அசாமின் முஸ்லிம் பெண்களிடையே இது 3.6 ஆகவும் இந்துப் பெண்களிடையே 2 ஆகவும் இருந்தது. 2019–21இல் முறையே 2.4, 1.6 எனக் குறைந்தது. முஸ்லிம்கள் ஐந்தில் நால்வராக வாழும் துப்ரி மாவட்டத்தின் எழுத்தறிவு 2011இல் 58 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி. பள்ளியும் மருத்துவமனையும் எட்டாத ஆற்றுத் திட்டுகளில் பெண்கள் இளவயதில் மணமுடித்துக் குழந்தைகளைப் பெற்றனர். அவை எட்டத் தொடங்கியதும் பிறப்பு குறைந்தது. எல்லாச் சமூகங்களிலும் நடந்ததுதான் இது. இங்கே சற்றுத் தாமதமாக நடந்தது.

இறங்கிக்கொண்டிருக்கும் விகிதத்தை அசையாமல் நிறுத்தி முப்பது ஆண்டுகளுக்கு நீட்டியதே ஐம்பதுக்கு ஐம்பது என்னும் ஆரூடம். அப்படி நீட்டினாலும் அந்த விடை வரவில்லை என்பதுதான் வேடிக்கை. 2001–2011இல் முஸ்லிம்கள் 29.6 விழுக்காடும் இந்துக்கள் 10.9 விழுக்காடும் வளர்ந்தனர். இதே வேகத்தை மும்முறை பெருக்கினால் 2041இல் முஸ்லிம்களின் பங்கு 45 விழுக்காட்டளவிலும் இந்துக்களின் பங்கு 51 விழுக்காட்டளவிலும் நிற்கும். தன் சொந்த விதிப்படியே தவறும் ஒரு கணக்கைக் 'கணக்கெடுப்பின் விடை' என்று அழைப்பது கணக்கெடுப்புக்கு இழைக்கும் அநீதி. 1951இல் முஸ்லிம்கள் 12 விழுக்காடாக இருந்தனர் என்று 2024இல் அதே முதலமைச்சர் சொன்னதும் இவ்வகையைச் சேர்ந்ததே. அக்கணக்கெடுப்பு காட்டும் பங்கு அதைப்போல் இருமடங்கு.

இத்தகைய பிழைகளைக் கைத்தவறு என்று கடந்துவிடலாம். '31 விழுக்காட்டினரும் குடியேறியவர்கள்' என்ற பகுப்பை அவ்வாறு கடக்க முடியாது. குடியேறுதல் என்பது ஒரு மனிதர் ஒருமுறை செய்யும் செயல். இங்கே அது தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் பிறவிக்குணமாக ஆக்கப்படுகிறது. 1910இல் மைமன்சிங்கிலிருந்து வந்து காடு திருத்திச் சணல் விதைத்தவரின் கொள்ளுப்பேத்தி பார்பேட்டாவில் பிறந்தாலும், குடியேறியோரை ஏற்பதற்கு 24 மார்ச் 1971 என்று அசாம் ஒப்பந்தம் வகுத்த எல்லைநாளுக்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய வேர் கொண்டிருந்தாலும், இப்பகுப்பில் அவள் குடியேறியவளே. சோட்டா நாக்பூரிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களை எவரும் இப்படி எண்ணுவதில்லை. எண்ணக் கூடாது என்பதே சரி. அந்தச் சரி ஏன் ஒரு மதத்தின் வாசலில் நின்றுவிடுகிறது என்பதுதான் கேள்வி. அசாம் ஒப்பந்தமே மதம் பார்க்கவில்லை. அதற்கு வழிவகுத்து 1979 முதல் 1985 வரை தெருவில் நின்ற இயக்கம் அயல்நாட்டவர் என்றே பேசியது; மதம் பார்த்துக் குடியுரிமை தரும் 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை அசாம் அவ்வளவு கடுமையாக எதிர்த்ததும் அதனால்தான். அதே ஆண்டு வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேடு ஏறத்தாழ 19 லட்சம் பேரை வெளியே நிறுத்தியது. மேடைகளில் முழங்கிய தொகைகளில் அது ஒரு சிறு பங்கு. ஆவணத்தைக் கொண்டு எண்ணியபோது எதிர்பார்த்த தொகை கிடைக்காததால், மதத்தைக் கொண்டு எண்ணும் பழக்கத்துக்கே விவாதம் திரும்பியிருக்கிறது.

எல்லையே தாண்டாதவர்களும் இப்பழக்கத்தில் சிக்குகிறார்கள். பிரம்மபுத்திரா 1950க்குப் பின் நான்கு லட்சம் ஹெக்டேருக்கு மேல் நிலத்தை அரித்துத் தின்றிருக்கிறது. திட்டு கரைந்தவர்கள் குவாஹாட்டியில் கட்டட வேலைக்கும் மேல் அசாமில் செங்கல் சூளைக்கும் போகிறார்கள். லுங்கியைக் கண்டும் பேச்சைக் கேட்டும் ஊரார் அவர்களை நேற்று எல்லை தாண்டியவர்கள் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மாவட்டம் விட்டு மாவட்டம் பெயர்ந்தது, நாடு விட்டு நாடு வந்ததாகக் கணக்கில் ஏறுகிறது.

இன்னும் முப்பது ஆண்டுகளில் சிவசாகர் தவிர வேறெங்கும் அசாமியர் தம் ஊரில் இருப்பதாக உணரமாட்டார் என்று 1931 கணக்கெடுப்பு அறிக்கையில் முல்லன் என்ற ஆங்கில அதிகாரி ஆரூடம் எழுதினார். மேடையில் இன்றும் அது வேதவாக்கு. அம்முப்பது ஆண்டுகள் முடியும் தறுவாயில், 1960இல், அசாமிய மொழி மாநிலத்தின் ஆட்சிமொழியானது. 1931இல் 31 விழுக்காட்டளவில் இருந்த அசாமியம் பேசுவோரின் பங்கு 1951இல் 56 விழுக்காட்டைத் தாண்டியதற்கு முக்கியக் காரணங்களுள் ஒன்று, முல்லன் அஞ்சிய அதே உழவர்கள் தாய்மொழி என்ற இடத்தில் அசாமியம் என்று எழுதக் கொடுத்தது. அவர்களின் வழிவந்தோர் அடுத்த கணக்கெடுப்பில் வங்காளம் என்று எழுதுவார்கள் என்று சிறுபான்மை மாணவர் அமைப்பு ஒன்றின் தலைவர்களுள் ஒருவர் 2025 ஜூலையில் பேசியபோது, அப்படி எழுதினால் மாநிலத்தில் அயல்நாட்டவர் எத்தனை பேர் என்று தெரிந்துவிடும் என்றார் முதலமைச்சர். அசாமியம் என்று எழுதினாலும் அவர்கள் அந்த 31 விழுக்காட்டில்தான் சேர்க்கப்படுகிறார்கள்.