திங்கட்கிழமை காலைக் கூடாரம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் நெருங்கும்போதே எதிரே கல்வராயன் மலை எழுந்து நிற்கும். அடிவாரத்தில், குச்சிக்கிழங்கு பிடுங்கிய கொல்லையில் கூடாரம் அடித்து ஆள் தங்கவைக்கும் பண்ணை ஒன்றுக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை சனிக்கிழமை சாயங்காலம், குடும்பத்தோடு. இரண்டாம் முறை, மறந்து வைத்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியை எடுக்கத் திங்கட்கிழமை காலை. அந்தப் பண்ணையைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் இரண்டாம் முறை தெரிந்துகொண்டதுதான்.

சனிக்கிழமை குறை சொல்ல ஒன்றுமில்லை. சாமைச் சோறு, நாட்டுக்கோழிக் குழம்பு, கயிற்றுக் கட்டில். ராத்திரி ஒரு மணி நேரம் மழை கொட்டியது. பக்கத்துக் கூடாரத்துப் பையன் பதறி எழுந்து வெளியே வந்தான். உள்ளே ஒரு சொட்டு நீர் ஏறவில்லை. ஒவ்வொரு கூடாரத்தையும் சுற்றி மண்வெட்டியால் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் இழுத்து, நீரைச் சரிவில் இருக்கும் வரப்புக்குத் திருப்பியிருந்தார்கள். மலை வாசஸ்தல ஓட்டல்களில் இந்தக் கவனத்தை நான் கண்டதில்லை. எந்தப் பக்கம் தண்ணீர் ஓடும் என்று தெரிந்தவர் போட்ட கூடாரம் அது.

வருமானக் கணக்கும் நியாயமானதே. குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி பத்து மாதப் பயிர். விலையைத் தீர்மானிப்பது சேலம், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகள். கிழங்கு விலை சரிந்த வருஷத்தில், அடுத்த நடவு வரை சும்மா கிடக்கும் கொல்லையில் வாரக் கடைசியில் நாலு காசு பார்ப்பதை யார் குறை சொல்ல முடியும்? பாலும் முட்டையும் தரகர் இல்லாமல் விற்கின்றன. மகாராஷ்டிரத்தில் பாராமதிப் பக்கம் 2004-இல் தொடங்கிய வேளாண் சுற்றுலாவும் இதே நியாயத்தில்தான் வளர்ந்தது. 2020-இல் அந்த மாநில அரசு அதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது.

திங்கட்கிழமைக்கு வருகிறேன். நான் போனபோது ஒரே ஒரு அக்கா முப்பது பேர் படுத்த பாயை உதறிக்கொண்டிருந்தார். இரண்டு கழிவறைகளில் ஒன்றின் வாசலில் செங்கல்லை வைத்துச் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். உள்ளே தண்ணீர் இறங்கவில்லை.

“சனிக்கெழம முப்பது பேரு சார். குழி அஞ்சு பேருக்கு வெட்டுனது” என்றார்.

கிராமத்து வீடுகளில் கட்டும் இரட்டைக் குழிக் கழிவறைதான் அது. ஒரு குழி நிரம்பினால் மூடிவிட்டு அடுத்ததற்குத் திருப்ப வேண்டும்; மூடியது ஓராண்டுக்கு மேல் சும்மா கிடந்தால் மக்கி எருவாகும். குடும்பத்துக்கு அருமையான ஏற்பாடு. இங்கே கூட்டத்தைச் சமாளிக்க இரண்டு குழியையும் ஒரே சமயத்தில் திறந்துவிட்டிருக்கிறார்கள். இரண்டுக்கும் ஓய்வில்லை. சாண எருவை மட்கவிடாமல் கொல்லையில் கொட்டாத விவசாயி, இதில் மட்டும் அவசரப்படுகிறார். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் மேலே வரும்போது குழி இன்னும் மெதுவாகத்தான் உறிஞ்சும். கிணறோ கூப்பிடு தூரத்தில். எத்தனை கூடாரம் அடிக்கலாம் என்பதைக் கொல்லையின் பரப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள்; குழியை வைத்துக் கணக்கிட வேண்டும்.

இங்கிலாந்தில் 2023 ஜூலை முதல், விவசாயி தன் நிலத்தில் ஆண்டுக்கு 60 நாள், 50 கூடாரம் வரை தனித் திட்ட அனுமதி இல்லாமலே நடத்தலாம். ஆனால் கழிவறையும் கழிவு அகற்றும் வசதியும் இருந்தாக வேண்டும். தாராளமான சலுகைதான், ஆனால் நிபந்தனை சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. நம் சுற்றுலாத் துறையும் முகாம் நடத்துவோரைப் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவோடு நின்றுவிடாமல் திங்கட்கிழமை காலையில் யாராவது வந்து பார்த்தால்தான் அதற்குப் பொருள் உண்டு.

குப்பை இன்னொரு கதை. ஊருக்குள் தூய்மைக் காவலர் வண்டி வரும். கொல்லைக்கு யார் வருவார்? பிரியாணி வந்த அலுமினியப் பொட்டலங்கள் பின்னால் ஒரு பள்ளத்தில் பாதி எரிந்து கிடந்தன. வாழையிலையை ஆடு தின்றுவிட்டது. சாப்பாட்டைப் பண்ணையிலேயே சமைத்தால் பள்ளமே தேவைப்படாது என்பதை அந்த ஆடு காட்டிக்கொண்டிருந்தது. கிணற்று மோட்டாரைப் பற்றியும் ஒரு வார்த்தை: விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தில் விருந்தினர் குளிக்கத் தண்ணீர் ஏற்றுவது, எல்லாரும் செய்தாலும், முறையற்ற பயன்பாடுதான்.

தீ விஷயத்தில் எனக்குச் சமாதானமே இல்லை. குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீ 23 உயிர்களைக் கொண்டுபோன பிறகு, காட்டுக்குள் மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. பட்டா நிலத்தில் மூட்டும் கேம்ப்ஃபயரை அந்த விதிகள் பார்ப்பதில்லை. பங்குனியில் புல் காய்ந்து கிடக்கையில், கொல்லைக்கும் காப்புக்காட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு வரப்பு. நான் தங்கிய ராத்திரி நெருப்பின் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர்கூட இல்லை, மழைதான் அணைத்தது.

இவ்வளவும் அடிவாரத்துக் கதை. மேலே வெள்ளிமலை, கரியாலூர்ப் பக்கம் நிலைமை வேறு. ஜாகிர்தார்கள் பிடியிலிருந்து 1976-இல்தான் அந்த மலை அரசின் கைக்கு வந்தது. தலைமுறையாக உழும் நிலத்துக்குப் பட்டா இல்லாத மலையாளிப் பழங்குடியினர் இன்றும் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் நேர்ந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலை மக்களின் நிலையை விசாரணைக்கு எடுத்தது. சாலை வசதியும் அதில் முக்கியப் பேச்சானது. பாம்பு கடித்தவரை எத்தனை மணி நேரத்தில் கீழே கொண்டுவர முடியும் என்று கேட்காமல் அங்கே கூடாரம் அடிப்பது விஷப்பரீட்சை. இன்னொன்று, பதிவுக்குக் காகிதம் கேட்டால் முதலில் வெளியே நிற்பவர் மலைக்காரர்தான். சமவெளியிலிருந்து வருபவர் முதலாளியாவார்; மலைக்காரர் தேன் விற்கவும் வழிகாட்டவும் கூலிக்கு நிற்பார்.

மூக்குக்கண்ணாடி பத்திரமாக இருந்தது. மிளகாய்த்தூள் டப்பாவுக்குள் துணி சுற்றி வைத்திருந்தார் அந்த அக்கா. முந்தானையால் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

“வர்ற சனிக்கெழம எத்தினி பேரு வராங்கன்னு ஓனரு ஏதாவது சொன்னாரா சார்?”