ஸ்கூல் மணியும் ஓதும் நேரமும்

பாடத்திட்டம் புத்தகத்துக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம். மதரஸாவைப் பொறுத்தவரை அது கடிகாரத்தில் இருக்கிறது. கம்பம், உத்தமபாளையம் பக்கத்து ராவுத்தர் வீட்டுப் பிள்ளைகள் ஸ்கூலுக்கு முன்போ பின்போ ஓதப்போகிற அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் அடங்குவதுதான் மார்க்கக் கல்வி. அலிஃப் பே, சின்னச் சூராக்கள், தொழுகை முறை, கொஞ்சம் ஹனஃபி சட்டம். அர்த்தமெல்லாம் பிறகு பாத்துக்கலாம். அந்தப் 'பிறகு' டியூஷனுக்குப் போய்விடுகிறது.

ஆக, ஜமாஅத் கூட்டத்தில் உட்காராமலேயே பள்ளிக்கூடம் மதரஸாவின் பாடத்தை எழுதிக்கொண்டிருக்கிறது.

மலையேறிக் குமுளியைத் தாண்டினால் கதை வேறு. 1951இல் உருவான சமஸ்தாவின் மதக்கல்வி வாரியம் வகுப்புவாரியாகப் பாடநூல் போடுகிறது, பொதுத்தேர்வு வைக்கிறது. 2025இல் கேரள அரசு உயர்நிலைப் பள்ளி நேரத்தை அரைமணி நீட்டியபோது, மதரஸா வகுப்பு அடிபடும் என்று அரசோடு மல்லுக்கு நிற்க அங்கே ஓர் அமைப்பு இருந்தது. இங்கே? ஸ்பெஷல் கிளாஸ் வைத்தால் ஹஜ்ரத் பாடத்தைச் சுருக்கிக்கொள்வார். அவ்வளவுதான்.

கேரள மாதிரியை அப்படியே இறக்குமதி செய்யலாம் என்பதல்ல என் வாதம். வாரியமும் ஓர் அதிகார மையமே. ராவுத்தர்கள் ஹனஃபி, கடற்கரை மரைக்காயர்கள் ஷாஃபி. எல்லா ஊருக்கும் ஒரே புத்தகம் என்று வரும்போது யாருடைய குரல் அடங்கும் என்பது கேட்கப்பட வேண்டிய கேள்வி. மட்டுமல்ல, தமிழை அரபு எழுத்தில் எழுதி மார்க்கத்தைத் தன் மொழியிலேயே படித்த சமூகம் இது. அந்த அரபுத்தமிழ் நூல்களை வீட்டிலிருந்து வாசித்தவர்களில் பெண்கள் முக்கியமானவர்கள். அர்த்தம் புரிந்து ஓதுவது நமக்குப் புதுசு இல்லை.

1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரியையே கட்டி எழுப்பியவர்களுக்கு, பிள்ளைகளின் ஒரு மணி நேரத்தைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் போடுவதா கஷ்டம்? கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கூட்டத்துக்கு யார் யார் வருவது? முத்தவல்லி, ஹஜ்ரத், நாலு பெரியவர்கள். தூங்குகிற பிள்ளையை எழுப்பித் தொப்பி மாட்டி அனுப்புகிற, 'இன்னிக்கு என்ன ஓதிக்குடுத்தாங்க' என்று கேட்கிற அம்மா பெரும்பாலும் வெளியில்தான். ஸ்கூல் வாத்தியாரும் வெளியில்தான். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். 2012 திருத்தம் மதரஸாக்களுக்கு விலக்கு அளித்துவிட்டது. அரசு தலையிட வேண்டாம், சரி. ஆனால் ஸ்கூல் குழுவில் நாற்காலி போட்டு உட்காரும் அதே அம்மாவுக்கு மதரஸாவில் ஒரு பாய் விரிக்கச் சட்டமா வரவேண்டும்?