ஆடவனுக்குக் கவசம், பெண்ணுக்குக் காரணம்

இலக்கியப் பகுதியில் வீடியோ விளையாட்டுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். அவற்றிலும் கதையுண்டு, பாத்திரங்கள் உண்டு, அப்பாத்திரங்களை ஆக்கியோரும் உண்டு. தோட்டத்து லயத்திலும் பட்டணத்து அடுக்குமாடி வீட்டிலும் நாவலைக் கையால் தொடாத பிள்ளைகள் இவற்றுடன் இரவு வெகுநேரம் விழித்திருக்கின்றனர். ஆகவே, நாவலை அளக்கும் கோலால் இவற்றையும் அளப்பது குற்றமாகாது என்பது நமது அபிப்பிராயம்.

நாம் எடுத்துக்கொண்ட விஷயம் உடுப்பு. ஒரே போர்க்களத்துக்கு, ஒரே தொழிலைச் செய்யப் போகும் இருவரில் ஆடவனுக்கு முழுக் கவசமும் பெண்ணுக்கு அரைக் கவசமும் தருகின்ற வழக்கம் இவ்விளையாட்டுகளில் நெடுநாளாக உண்டு. 1986ஆம் ஆண்டில் ஜப்பானின் நிண்டெண்டோ வெளியிட்ட ‘மெட்ராய்டு’ என்னும் விளையாட்டில், ஆட்டம் முழுவதும் இரும்புக் கவசத்துள் இருந்து போரிடும் வீரர் ஒரு பெண் என்பது இறுதியில்தான் வெளியாகும். அதுவும் ஆட்டத்தை விரைந்து முடித்தோருக்கே. ஒரு மணி நேரத்துக்குள் முடித்தாலோ, அவள் நீச்சலுடையில் நின்று கையசைப்பாள். வென்றவனுக்குப் பரிசு, வீராங்கனையின் கவசம் கழன்று விழுவது! பெண்ணொருத்தியைக் கதாநாயகி ஆக்கிய துணிவைப் பாராட்ட நாம் வாயெடுக்குமுன்னரே அத்துணிவு இவ்விதம் கெட்டுப் போயிற்று.

நிற்க. இக்காலத்து ஆசிரியர்கள் இவ்வளவு வெளிப்படையாகச் செய்வதில்லை; காரணம் சொல்லிச் செய்கிறார்கள். இதற்கு நாம் அறிந்த சிறந்த உதாரணம், ஹிடேயோ கோஜிமா என்னும் பேர்பெற்ற ஆசிரியரின் ‘மெட்டல் கியர் சாலிட்’ வரிசையில் 2015ஆம் ஆண்டு வெளிவந்த ஐந்தாம் விளையாட்டு. 1984ஆம் ஆண்டின் ஆப்கானிஸ்தானத்தைப் பெரும்பகுதி களமாகக் கொண்ட இதில், வெகு தொலைவிலிருந்து குறி தவறாது சுடும் பெண்ணொருத்தி வருகிறாள். பெயர் ‘குவாயட்’, அதாவது மௌனி. அப்பாலைவெளியில் மற்ற வீரரெல்லாம் தடித்த இராணுவ உடுப்புடன் திரிய, இவள் மார்க்கச்சும் கிழிந்த மெல்லிய காலுறையுமாக மலையேறுகிறாள். ஏனென்றால், தீப்பட்டு உயிர்பிழைத்த அவளுடலில் ஒட்டுண்ணிகள் குடிகொண்டுள்ளனவாம். அவள் தோலினாலேயே சுவாசிக்கிறாளாம். ஆடையணிந்தால் மூச்சு முட்டிவிடுமாம்.

ஆட்டம் வெளிவருமுன்னரே, 2013ஆம் ஆண்டில், இவள் உருவத்தைக் கண்டு பலர் ஆட்சேபித்தனர். உண்மைக் காரணம் தெரியும்போது குறைகூறியோர் வெட்கப்படுவர் என்ற கருத்தில் ஆசிரியர் விடையளித்தார். அதே நாட்களில், உருவத்தை இன்னும் கவர்ச்சியாக வரையும்படி தாமே ஓவியரிடம் கூறியதாகவும், இவளைப்போல் வேடமணிய ஆசை பிறக்கவேண்டும், இவள் உருவப் பொம்மைகள் நன்கு விற்கவேண்டும் என்பது முதல் நோக்கம் என்றும் எழுதினார். பின்னர் ‘கவர்ச்சி’ என்ற சொல்லுக்கு வேறு பொருள் உரைத்தார். அவர் உள்ளத்தை ஆராய்வது நம் வேலையன்று. அவர் எழுதிய மற்றொரு பாத்திரத்தையே சாட்சிக்கு அழைக்கிறோம்.

2004ஆம் ஆண்டு வந்த மூன்றாம் விளையாட்டில் ‘தி எண்ட்’ என்றொரு கிழவர் வருகிறார். வயது நூறு கடந்தவர். அவரும் தொலைவிலிருந்து குறிபார்த்துச் சுடுபவரே. அவருடலிலும் ஒட்டுண்ணிகள் உண்டு. இலைகளைப்போல் வெயிலை உண்டு களைப்பு நீங்கும் ஆற்றல் அவற்றால் அவருக்கு வாய்த்தது. அடர்ந்த காட்டில் அவரைத் தேடி அலையும் அந்தப் போட்டி, இவ்வரிசையிலேயே தலைசிறந்த பகுதி என்போம். ஆட்டத்தை ஒரு வாரம் நிறுத்திவைத்துத் திரும்பி வந்தால் கிழவர் மூப்பினால் இறந்து கிடப்பார். எவ்வளவு நுட்பமான கற்பனை! இத்தகைய கிழவர் எதை அணிந்திருக்கிறார்? பாசி படர்ந்தாற்போன்ற மறைப்புடை, கழுத்திலிருந்து கால்வரை. வெயில் வேண்டிய அவருக்குச் சட்டை தடையாகவில்லை. காற்று வேண்டிய இவளுக்கோ சட்டைதான் எமன். ஆயினும் காலுறையும் பாதரட்சையும் எமனல்லவாம். ஆசிரியர் ஒருவரே, ஒட்டுண்ணியும் ஏறக்குறைய ஒன்றே, தொழிலும் ஒன்றே. வேறுபட்டது எது என்று கேட்கிறோம்.

நம் திரைப்படங்களைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது புதிதன்று. பனிமலையில் பாட்டு நடக்கும். கதாநாயகன் கம்பளிக் கோட்டுக்குள் கதகதப்பாயிருப்பான். கதாநாயகி மெல்லிய சேலையில் நடுங்காமல் ஆடவேண்டும். அங்கே ஒட்டுண்ணிக் கதையாவது சொன்னார்களா என்றால் அதுவுமில்லை.

ஆடவருந்தான் திறந்த மார்புடன் வருகின்றனர், 2005இல் தொடங்கிய ‘காட் ஆஃப் வார்’ நாயகன் கிரேட்டோஸைப் பாருங்கள், என்று வாதிடுவோர் உளர். பார்த்தோம். அவன் மார்பு பகைவனை அஞ்சச் செய்வதற்குத் திறந்திருக்கிறது. ஆடுகிறவன் அவனாக இருக்க விரும்புகிறான். குவாயட் ஹெலிகாப்டரில் அமர்ந்து சோம்பல் முறிக்கும்போது காமிரா எங்கே செல்கிறது என்பதைக் கவனித்தவர், அவளாக இருக்க அல்ல, அவளைப் பார்க்கவே தாம் அழைக்கப்பட்டதை அறிவர். பெண்ணுடலைக் கண்டு பதைத்து, முக்காட்டை எடுத்து ஓடிவரும் கூட்டத்தில் நாம் இல்லை. அண்ணன் பக்கத்தில் அமர்ந்து ஆடும் தங்கைக்கு எந்த உருவம் மிஞ்சுகிறது என்பதே நமது கவலை.

2020ஆம் ஆண்டின் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ இரண்டாம் பாகத்தில் அபி என்ற போர்வீராங்கனை வந்தாள். திரண்ட தோள், தடித்த புயம், சாதாரணச் சட்டை. அவள் வாழும் படைமுகாமில் உண்ண உணவும் உடற்பயிற்சிக் கூடமும் இருப்பதைக் கதையே காட்டுகிறது. இது பெண்ணுடலே அன்று என்று ஏளனம் செய்தோர் பலர். தோலால் மூச்சுவிடுவதை நம்பிய உலகத்தில், பளு தூக்கினால் புயம் பருக்கும் என்பதை நம்ப முடியாதோர் இத்தனை பேர்! இருவகையாரும் ஒரே ஆட்கள் என்று நாம் சாதிக்கவில்லை.

குவாயட்டைப் படைத்தவருக்குத் திறமை குறைவன்று. நமது வருத்தமும் அதனாலேயே. அவள் வாய் திறந்து ஆங்கிலம் பேசினால் அவளுள் இருக்கும் நோய் பிறரைப் பற்றும். அதனாலேயே அவள் மௌனி. கதை முடிவை நெருங்குகையில், மணற்புயலில் நாயகன் பாம்பு தீண்டி வீழ்ந்து கிடக்க, அவனை மீட்க வரும் ஹெலிகாப்டருக்கு வழி சொல்ல ஆளில்லை. அவள் பேசுகிறாள். வழி சொல்லி முடித்தபின், பிறருக்குத் தன்னால் தீங்கு வாராதிருக்கத் தனியே பாலையில் நடந்து மறைகிறாள். நாம் இருமுறை கண்ட காட்சி அது. இரண்டாம் முறை கண்ணை மூடிக்கொண்டு அவள் குரலை மட்டும் கேட்டோம், ஒன்றும் குறையவில்லை.