நடந்தவை, நடக்கவிருப்பவை

திருப்பதி அலிபிரியில் திருமலைக்குப் படியேறத் தொடங்கும் இடத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் எத்தனை கல்லூரிகள் இருக்கின்றன என்பது மலைக்கு வந்துபோகும் பக்தர் பலருக்குத் தெரியாது. தேவஸ்தானம் 1945-ல் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா கலைக் கல்லூரி, 1952-ல் பெண்களுக்கெனத் தொடங்கிய ஸ்ரீ பத்மாவதி கல்லூரி, 1954-ல் வந்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகம், 1983-ல் என்.டி.ராமாராவ் ஆட்சியில் எழுந்த மகளிர் பல்கலைக்கழகம் என்று வரிசை நீளும். கல்லூரி என்றால் ஆங்கிலத் துறை உண்டு. துறை என்றால் மன்றம் உண்டு. மன்றம் என்றால் பருவத்துக்கு ஒருமுறை ஒரு செய்தியறிக்கை உண்டு. அதில் பெரும்பாலும் இரண்டே பகுதிகள்தான்: நடந்தவை, நடக்கவிருப்பவை.

மன்றத் தொடக்க விழா, சிறப்புரை, வினாடி வினா, ஜாம் போட்டி, ஷேக்ஸ்பியர் நாள், தேசியக் கருத்தரங்கு. பெயரையும் தேதியையும் மாற்றினால் இதே அறிக்கை திருநெல்வேலிக்கும் பொருந்தும், குண்டூருக்கும் பொருந்தும். எந்த ஒரு கல்லூரியையும் குறிவைத்து இதை எழுதவில்லை. தென்னிந்திய ஆங்கிலத் துறைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாகிப்போன ஒரு வழக்கத்தைத்தான் எடைபோடப் பார்க்கிறேன்.

வழக்கத்தின் நல்ல பக்கம் சின்னதல்ல. நம் பட்டப்படிப்பில் ஆங்கிலம் பெரும்பாலும் எழுத்துத் தேர்வுதான். வாயே திறக்காமல் ஒரு மாணவி அதில் நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட முடியும். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கமிருந்து வரும் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. 2021-22 கல்வியாண்டு முதல் ஆந்திரத்தில் பட்டப்படிப்பு முழுவதும் ஆங்கில வழி என்று அரசு அறிவித்தபின், வேதியியலும் வணிகவியலும்கூட அவர்களுக்கு ஆங்கிலத்தில்தான். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஒவ்வொருவரையும் எழுப்பிப் பேசவைக்க எந்த ஆசிரியராலும் ஆகாது. ஆக, மன்றத்தின் மைக்கைத் தவிர அந்தப் பிள்ளைகள் ஆங்கிலத்தில் உரக்கப் பேச வேறு இடம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விழாவால் அதிகம் கற்பவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் இருநூறு பேர் அல்ல. அழைப்பிதழ் வாசகத்தை நான்கு முறை திருத்தியவள், விருந்தினருக்கு மின்னஞ்சல் எழுதி, பதில் வராமல் மறுபடி தொலைபேசியில் பேசியவள், கணக்கு எழுதியவள், நன்றியுரை சொன்னவள் ஆகியோர்தான். அவர்களுக்கு அது உண்மையான ஆங்கிலம். பிழை விட்டால் விருந்தினர் வேறு தேதியில் வந்து நிற்பார். எந்தப் பாடநூலும் தராத பயிற்சி அது. மற்றவர்களுக்குச் சிற்றுண்டியும் வருகைப்பதிவும் மிச்சம்.

ஆனால் அந்த வேலை எத்தனை பேர் கைக்குப் போகிறது? முதலாண்டில் ஒருமுறை மேடையேறிச் சோபித்த நாலைந்து பேர், பெரும்பாலும் ஆங்கிலப் பள்ளியில் படித்துவிட்டு வந்தவர்கள், மூன்றாண்டும் அவர்களே செயலாளர், அவர்களே தொகுப்பாளர், அவர்களே பரிசுக்காரர். ஆசிரியரைக் குற்றம் சொல்லவும் முடியாது. விருந்தினர் முன்னால் துறையின் மானம் போகக்கூடாதே என்ற பயம் அவருக்கு. பேசத் தெரிந்தவருக்கே பேசும் வாய்ப்பு என்று ஆகிவிட்டால், மைக் யாருக்காக வைக்கப்பட்டதோ அவர்கள் கைதட்டுவதோடு சரி.

இதற்கு ஜாம் போட்டியைவிடத் தெளிவான சான்று இல்லை. ஒரு நிமிடம், கொடுத்த தலைப்பில், நிற்காமல் பேச வேண்டும். 'ஜஸ்ட் எ மினிட்' என்பதன் சுருக்கமே ஜாம். இந்த விளையாட்டு 1967 டிசம்பரில் பி.பி.சி. வானொலியில் தொடங்கிய ஒரு நகைச்சுவை நிகழ்ச்சி; உருவாக்கியவர் இயன் மெசிட்டர். தயங்கக்கூடாது, சொன்னதைத் திருப்பிச் சொல்லக்கூடாது, தலைப்பை விட்டு விலகக்கூடாது என்று மூன்றே விதிகள். ஆடியவர்கள் கென்னத் வில்லியம்ஸ், கிளமென்ட் ஃப்ராய்ட் போன்றவர்கள். தாய்மொழியிலேயே நாக்கைச் சுழற்றிப் பிழைத்தவர்கள் தடுக்கி விழுவதைக் கேட்டுச் சிரிப்பதுதான் அங்கே சுவை. அதே விதிகளைப் புத்தூர்ப் பையன் மேல் வைத்துப் பாருங்கள். புதிய மொழியைக் கற்பவன் தயங்கித்தான் பேசுவான்; சரியான சொல் கிடைக்கும்வரை முந்தைய சொல்லையே இரண்டு முறை சொல்லித்தான் கடப்பான். கற்பவனுக்கு இயல்பானவை எவையோ அவையே இந்த ஆட்டத்தில் குற்றங்கள். ஏழாவது நொடியில் மணி அடிக்கிறது, அவன் இறங்கிப் போகிறான், அடுத்த ஆண்டு பெயர் கொடுப்பதில்லை. அறிக்கையில் மட்டும் "மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" என்ற வரி தவறாமல் இடம்பெறும்.

சிறப்புரைகளின் கதை இன்னும் எளியது. விருந்தினர் வரும்வரை காத்திருப்பு, ஜோதிப் பிரஜ்வலனம், இறைவணக்கம், வரவேற்பு, தலைமையுரை, விருந்தினரின் வாழ்க்கைக் குறிப்பை ஒருவர் காகிதத்தில் பார்த்துப் படிப்பது, சால்வை, நினைவுப் பரிசு. இத்தனைக்கும் பிறகு உரைக்கு முக்கால் மணி. முன்கூட்டியே கொடுத்துவைத்த இரண்டு கேள்விகள். நன்றியுரை, தேசிய கீதம்.

அந்தத் தேசிய கீதத்தைப் பாடும்போது இந்தப் பக்கத்து மாணவருக்குச் சொல்லப்படாமல் போகும் ஒரு செய்தி உண்டு. 1919 பிப்ரவரி இறுதியில் தாகூர், அன்றைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளிக்கு வந்து, அன்னி பெசன்ட் 1915-ல் தொடங்கிய கல்லூரியில் சில நாள் தங்கினார். முதல்வராக இருந்தவர் ஐரிஷ் கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ். மாணவரும் ஆசிரியரும் வாரந்தோறும் இரவு உணவுக்குப் பின் கூடிப் பாடும் வழக்கம் அங்கே இருந்தது. அப்படிப்பட்ட ஒரு கூடலில் தாகூர் 'ஜன கண மன' பாட்டைப் பாடினார். மதனப்பள்ளியில் இருந்தபோதே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் கொடுத்தார். அயர்லாந்தில் இசைப் பட்டம் பெற்ற மார்கரெட் கசின்ஸ் மெட்டைச் சுரக்குறிப்பில் எழுதிவைத்தார். 1911-ல் கல்கத்தா காங்கிரஸில் ஒலித்த பாட்டு, 1950-ல் தேசிய கீதமாவதற்கு முன், ஆங்கில வடிவம் பெற்றது ஒரு மாவட்டத்து ஊர்க் கல்லூரியின் வழக்கமான வாராந்திரக் கூட்டத்தை ஒட்டி.

இதைச் சொல்லிப் பழங்காலப் பெருமை பேசினால் தப்பு. மதனப்பள்ளிக் கல்லூரி சிறியது, இலட்சியவாதிகள் நடத்தியது, தாகூர் போன்றவரை வீட்டு விருந்தாளியாக அழைக்கும் நட்பு கசின்ஸுக்கு இருந்தது. இன்று ஒரு கல்லூரி ஆசிரியருக்கு அதெல்லாம் கிடையாது. நான் கவனிக்கச் சொல்வது வேறு. அது விழா அல்ல, வாராவாரம் நடந்தது. பாடுபவர், கேட்பவர் என்ற பிரிவினையும் அதில் இல்லை. வழக்கம் ஏற்கெனவே இருந்ததால்தான் பெரியவர் வந்த நாளில் அது பயன்பட்டது. நம்முடைய முறை தலைகீழ்: பெரியவர் வரும் தேதி கிடைத்தபின்தான் கூட்டமே கூடுகிறது.

சடங்குப் பற்று நமக்குப் புதிதும் அல்ல. ஆர்.கே.நாராயண் 1937-ல் வெளியிட்ட 'தி பேச்சலர் ஆஃப் ஆர்ட்ஸ்' நாவலில் சந்திரன் தலையில் வரலாற்று மன்றத்தின் செயலாளர் பதவி விழுகிறது. முதல்வர் பிரவுனைப் பிடித்துத் தொடக்க விழா நடத்த அவன் படும் பாட்டைப் படித்தால், எண்பத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் நிகழ்ச்சி நிரலில் பெரிதாக எதுவும் மாறவில்லை என்று தெரியும். ஆனால் அந்த மன்றத்தில்தான் வீராசாமி எழுந்து ஆங்கிலேய ஆட்சியின் விரிவைக் கடுமையாகத் தாக்கிக் கட்டுரை வாசிக்கிறான். சடங்கு சலிப்பாக இருந்தாலும் மாணவனுடைய சொந்தக் கருத்து அங்கே வெடிக்க இடம் இருந்தது. இன்றைய அறிக்கைகளில் மாணவர் வாசித்த கட்டுரை ஒன்றைத் தேடினால் அரிதாகத்தான் கிடைக்கும்.

நடுவில் நடந்தது என்ன? பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் ஆசிரியர் பதவி உயர்வுக்குப் புள்ளிக் கணக்கைக் கொண்டுவந்தது. தேசியக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தால் இவ்வளவு, சர்வதேசம் என்றால் அதற்கும் மேல். வெளிநாட்டிலிருந்து ஒருவர் திரையில் தோன்றிப் பேசினாலே கருத்தரங்கு சர்வதேசமாகிவிடும் காலம் அப்படித்தான் பிறந்தது. அடுத்து தேசியத் தரமதிப்பீட்டுக் குழுவான நாக். 2017-ல் அது மாற்றியமைத்த முறையில் எண்களுக்கும் ஆவணங்களுக்கும் எடை கூடியது. எந்த நிகழ்ச்சிக்கும் சுற்றறிக்கை, கையொப்பப் பட்டியல், இடமும் நேரமும் பதிந்த ஜியோடேக் படம் என்று கோப்பு தயாராக வேண்டும். நோக்கம் நியாயமானதுதான், நடக்காத கூட்டத்தை நடந்ததாக எழுதிய காலமும் இருந்ததே. விளைவுதான் கோணலானது. படம் பிடிக்கத் தோதானவை பெருகின. நாலு பேர் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு சிறுகதையைப் படித்து முடிப்பதற்குக் கோப்பில் தனித் தலைப்பு இல்லை.

நாட்காட்டியும் கடன் வாங்கியது. ஏப்ரல் 23 ஷேக்ஸ்பியர் நாள். 2010 முதல் ஐ.நா.வின் ஆங்கில மொழி நாளும் அதுவே. திருப்பதியில் அது வெயில் கொளுத்தும், பருவத் தேர்வு நெருக்கும் வாரம். யார் வருவார்கள்? புரட்டாசியிலோ பிரம்மோற்சவக் கூட்டத்தில் ஊரே திணறும், கல்லூரிக்கு வரும் பேருந்தே சந்தேகம். இடையில் நவம்பர் காலியாகக் கிடக்கிறது. நவம்பர் 10 சார்லஸ் பிலிப் பிரவுன் பிறந்த நாள். கடப்பையில் இருந்துகொண்டு தெலுங்குச் சுவடிகளைத் திரட்டியவர், வேமனர் பாடல்களை 1829-ல் ஆங்கிலத்தில் தந்தவர், தெலுங்கு-ஆங்கில அகராதி தொகுத்தவர். ஆகஸ்ட் 29 கிடுகு ராமமூர்த்தியின் பிறந்த நாள். அது தெலுங்குத் துறைக்கு உரியது என்று ஆங்கிலத் துறை ஒதுங்கிக்கொள்கிறது. பேச்சுத் தெலுங்குக்காக அவர் போராடியபோது உடன் நின்றவர்களில் ஜே.ஏ.யேட்ஸ் என்ற ஆங்கிலேயக் கல்வி அதிகாரியும் ஒருவர் என்பதை நினைத்தால், இரண்டு துறையும் சேர்ந்து நடத்த வேண்டிய நாள் அது. இரண்டு மூன்று மொழிகளோடு வளரும் சித்தூர்ப் பக்கத்துப் பிள்ளைக்கு மொழிபெயர்ப்பு அன்றாட வேலை. அதை அவன் திறமையாக எந்த விழாவும் எண்ணுவதில்லை.

வேறு மாதிரியும் செய்யலாம் என்பதற்கு மதுரை அமெரிக்கன் கல்லூரி சாட்சி. அங்கே பேராசிரியர் பால் லவ் முன்னின்று 1985-ல் இந்திய ஆங்கில இலக்கியத்துக்கும் மொழிபெயர்ப்புக்கும் ஓர் ஆய்வு மையம் அமைத்தார், நூலகம் வளர்ந்தது, 1988 முதல் 'காவ்ய பாரதி' என்ற கவிதை இதழ் வெளிவந்தது. விழா முடிந்த மறுநாள் ஃப்ளெக்ஸ் பழைய சாமான் அறைக்குப் போய்விடும். அலமாரியில் இருக்கும் இதழை இருபது ஆண்டு கழித்து வருபவரும் எடுத்துப் படிக்கலாம். எல்லாத் துறைக்கும் ஒரு பால் லவ் கிடைக்கமாட்டார், ஒத்துக்கொள்கிறேன். ஆண்டுக்கொரு பதினாறு பக்க மாணவர் மொழிபெயர்ப்புத் தொகுப்புக்கு அவர் தேவையும் இல்லை.

'நடக்கவிருப்பவை' பகுதியைப் பற்றி ஒரு குறை தனியாகச் சொல்ல வேண்டும். அது பெரும்பாலும் ஆங்கில இலக்கியம் படிக்கும் மாணவருடைய வாட்ஸ்அப் குழுவுக்குள்ளேயே சுற்றுகிறது. பி.காம். மாணவனுக்கும் இயற்பியல் மாணவிக்கும்தான் இன்று ஆங்கிலப் பயிற்சி அதிக அவசரம். அவர்களுக்கு அழைப்பு போவதில்லை. போனாலும் 'பின்நவீனத்துவப் புனைவில் தன்னிலை' என்ற தலைப்பைப் பார்த்ததும் ஓடிவிடுவார்கள். ஆய்வு மாணவர் நாலு பேருக்கான கருத்தரங்கையும் கல்லூரி முழுமைக்குமான பேச்சுப் பயிற்சியையும் ஒரே மன்றத்தின் பெயரில் ஒரே மேடையில் நடத்துவதால் இரண்டுமே அரைகுறையாகின்றன. முன்னது சிறிய அறையில், பார்வையாளர் இல்லாமல், கடுமையாக நடக்க வேண்டியது. பின்னது வாராவாரம், விருந்தினர் இல்லாமல், தயங்கவும் திருப்பிச் சொல்லவும் அனுமதி கொடுத்து நடக்க வேண்டியது.

பின்னதற்கு நேரம் எங்கே என்றால், ஆந்திரப் பட்டப்படிப்பில் ஏற்கெனவே 180 மணி நேரச் சமூக சேவைத் திட்டம் கட்டாயம். பெரும்பாலும் கிராமக் கணக்கெடுப்பாக அது முடிகிறது. அலிபிரியில் தினமும் தமிழ், கன்னடம், இந்தி, மராத்தி பேசுகிறவர்கள் வழி கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். அந்த மணி நேரத்தில் ஒரு பகுதியை அங்கே பன்மொழி உதவி மேசைக்கும், யாத்ரீகர் சொல்லும் கதைகளைக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிவைப்பதற்கும் ஆங்கிலத் துறை கேட்டு வாங்கலாம். தேவஸ்தானத்தின் அனுமதி எளிதல்ல. சம்பளமில்லாத வழிகாட்டிகளாக மாணவர்கள் ஆகிவிடும் ஆபத்தும் உண்டு. மணிக் கணக்கை ஆசிரியர் கறாராகப் பார்க்க வேண்டும். வேலைப் பட்டியலில் முதல் பெயர்கள், இதுவரை மைக் பக்கம் போகாதவர்களுடையதாக இருக்கட்டும். பழைய செயலாளர்கள் கணக்கு எழுதட்டும். அதில்தான் அவர்கள் கெட்டிக்காரர்கள்.