கரையேறாத கடவுள்

கடலூர்த் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் கரையேறவிட்டகுப்பம் என்றொரு ஊர் உண்டு. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரை சேர்ந்த இடம் என்பார்கள். பெரியபுராணம் நெடுகிலும் அப்படி ஒரு கை வந்து தாங்குகிறது. கண்ணப்பர் இரண்டாவது கண்ணைத் தோண்டப் போகும்போது தடுக்கிறது. சிறுத்தொண்டர் அரிந்து சமைத்த பிள்ளையைத் திருப்பித் தருகிறது. அடியவன் எல்லாவற்றையும் கொடுக்கிறான், இறைவன் கடைசியில் காப்பாற்றுகிறான். 

இப்படிப்பட்ட மரபுக்குள் சிலுவையைப் பாட வருகிறவனுக்குப் பெரிய சிக்கல் காத்திருக்கிறது. இங்கே கொடுப்பவர் கடவுள். வாங்குகிறவன் அவரை வெறுப்பவன். தடுக்க எந்தக் கையும் வருவதில்லை. நஞ்சுண்ட நீலகண்டன் ஓரளவு நெருங்கி வருகிறான். ஆனால் அந்த நஞ்சு கண்டத்தோடு நின்றுவிடுகிறது, அவன் சாவதில்லை. அடிபட்டுச் சாகிற கடவுளைத் தமிழ்க் காப்பியம் எப்படித் தாங்கும்? இந்த ஒரு கேள்வியை மட்டும் வைத்து இரண்டு நூல்களை எடைபோடலாம்.

முதல் நூல் நம் கடலூர் மாவட்டத்துக்குச் சொந்தம் கொண்டாடக்கூடியது. விருத்தாசலம் பக்கம் கோணான்குப்பத்தில் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர், மாதாவுக்குப் பெரியநாயகி என்று பெயரிட்டார். விருத்தாசலத்து அம்மனுக்கும் அதுவே பெயர். மண்ணறிந்து வைத்த பெயர். அவருடைய தேம்பாவணி 3615 பாடல்கள் கொண்டது. சந்தமும் வருணனையும் சீவக சிந்தாமணிக்குப் பக்கத்தில் வைக்கத் தக்கவை. அதில் வரும் கருணையன் தாயை இழந்து புலம்பும் பகுதியைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூட அறிவார்கள்.

ஆனால் காப்பியத் தலைவர் வளன் எனப்படும் சூசையப்பர். சிலுவைக்கு முன்பே அவர் இறந்துவிடுகிறார். இயேசுவின் பாடுகள் நூலின் கடைசிப் பகுதியில் வந்து போகின்றன. காப்பியம் முடிவது வளனுக்கு வானகத்தில் முடிசூட்டுவதில். சூசையின் வாழ்வும் தியாகம்தானே, எகிப்துக்கு ஓடியதும் வாய் திறவாமல் தாங்கியதும் அன்புதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது மீண்டும் அடியவனின் தியாகம். பெரியபுராணத்துக்குப் பழகிய காதுக்கு அதில் புதிதாக ஒன்றுமில்லை. நாயகன் தேர்விலேயே முனிவர் சிக்கலைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார்.

எச். ஏ. கிருஷ்ணபிள்ளை சுற்றிப் போகவில்லை. நெல்லைச் சீமையின் வைணவ வேளாளர், கம்பனில் ஊறியவர், 1858-இல் ஞானஸ்நானம் பெற்றவர். 1894-இல் வந்த அவருடைய இரட்சணிய யாத்திரிகத்துக்கு மூலம் ஜான் பனியனின் மோட்சப் பிரயாணம். அந்த மூலத்தில் சிலுவை வழியில் எதிர்ப்படும் ஓர் இடம். பயணியின் முதுகுச் சுமை அங்கே விழுகிறது, அவ்வளவே. பிள்ளையோ இரட்சணிய சரிதப் படலம் என்று தனியாக ஒன்றை எழுதிச் சேர்த்து, பாடுகளை முழுக்கச் சொன்னார்.

அதில் ஒரு பாடலின் கருத்து என்னை விடுவதில்லை. இயேசுவைக் கட்டியது கயிறு என்று எண்ணாதீர்கள். தம்மைப் பகைத்த கீழோர்மீது கொண்ட அன்பே அந்த நீண்ட சங்கிலி என்கிறார். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலில் இடம்பெற்ற பகுதிதான். மதிப்பெண்ணுக்காகப் படித்துக் கடந்திருப்போம். இறையியல் பல பக்கம் விளக்குவதை இது ஒரே கட்டில் முடிக்கிறது. தப்பிக்க முடியாமல் நிற்கிறவர் அல்லர், தப்பிக்க மனமில்லாமல் நிற்கிறவர். பக்திப் பாடலில் அடியவனைப் பிணிக்கும் அன்பு இங்கே ஆண்டவனைப் பிணிக்கிறது.  இந்தத் திருப்பத்தைச் செய்ய முடிந்ததற்குக் காரணம், பிள்ளை கம்பனை உதறிவிட்டு வரவில்லை என்பதே.

குறைகளும் சிறியவை அல்ல. 3766 பாடல்களில் பெரும்பகுதி உருவக மனிதர்களின் உபதேசம், கண் சொருகுகிறது. பாவக்கடன், ஈடு, மீட்பு என்று கணக்குப் பேசும் இடங்களில் அன்பு வட்டிக்கடை மொழிக்குள் சிக்குகிறது. முழு நூலாக நிறுத்தால் தேம்பாவணியே கட்டுக்கோப்பான காப்பியம். சொல்வளத்திலும் அதற்கே முதலிடம்.

ஆனால் தன்னையே தரும் தெய்வ அன்பைத் தமிழில் நிற்க வைத்தது யார் என்று கேட்டால், பதில் கிருஷ்ணபிள்ளைதான். அதுவும் முழு யாத்திரிகம் அல்ல, அந்த ஒரு படலம். அதைத் தனியே பிரித்து, நல்ல உரையோடு மலிவுப் பதிப்பாக யாராவது கொண்டுவர வேண்டும்.