மல்பேக் கரையும் மணற்காட்டுக் கரையும்

"உங்க ஊர்ல தூண்டில்னா கம்பத்து மேல ஏறி உட்கார்ந்து ஃபாரினருக்கு போஸ் குடுக்கறதுதானே சார்?" என்று கேட்டார் பெங்களூர் அல்சூரில் என் வீட்டுக்கு எதிரே குடியிருக்கும் நண்பர். பொதுத்துறை நிறுவனமொன்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், தங்கமான மனிதர். ஸ்டீவ் மக்கரி 1995இல் வெலிகமவில் எடுத்த படத்தை எங்கோ பார்த்திருக்கிறார். இலங்கைக் கரைகளைப் பற்றி அதற்குமேல் தெரிந்துகொள்ள அவருக்குத் தேவை ஏற்படவில்லை.

வெலிகம, அகங்கம, கொக்கலை எல்லாம் தென்கரை. அங்கே அந்த முறைக்குச் சிங்களத்தில் 'ரிட்டி பன்ன' என்று பெயர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தொடங்கியதாகச் சொல்வார்கள். இரையே கோக்காமல் சின்ன மீன்களைக் கொத்தியெடுக்கிற வித்தை அது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு அந்தக் கம்பங்களில் மீனைவிட உல்லாசப் பயணிகளின் காசுதான் அதிகம் விழுகிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அதை வைத்து இலங்கைத் தூண்டிலை எடைபோடுவது, தசரா யானையை வைத்துக் கர்நாடக விவசாயத்தை எடைபோடுவது மாதிரி.

நாங்கள் வடகரை. என் பெரியப்பா பருத்தித்துறையில் இளைப்பாறிய தபாலதிபர். (நாங்கள் இளைப்பாறுவோம், இங்கே ஓய்வு பெறுகிறார்கள். எது வயதானவருக்கு இதமாக இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.) விடியப் பிளேன்ரீ குடித்துவிட்டுச் சைக்கிளில் மணற்காட்டுக்குப் புறப்படுவார். கரியரில் ஓலைப்பறி, அதற்குள் வெற்றுச் சோடாப் போத்தலில் சுற்றிய தங்கூசி நூல், சிரட்டையில் றால். தடி கிடையாது. முழங்கால் தண்ணீரில் நின்று, ஈயக்கட்டையைத் தலைக்குமேல் மூன்று முறை சுழற்றி விடுவார். சுருள் சுருளாய்க் கழன்று போகும். பிறகு தங்கூசியைச் சுட்டுவிரலில் ஏந்திக்கொண்டு நிற்பதுதான் வேலை. இரண்டு சின்னக் கொத்து என்றால் கிழக்கன். ஒரே இழுவை என்றால் கெளிறு. கெளிறு வந்தால் கையால் தொடமாட்டார். செருப்புக் காலால் மணலில் அழுத்திப் பிடித்து, முள் குத்தாமல் தூண்டிலைக் கழற்றுவார். பத்து மணிக்குள் வீடு. பிடித்ததில் பாதி சொதிக்கு, மீதி அயலுக்கு.

பெங்களூர்க்காரருக்குத் தூண்டில் போடுவது ஒரு படையெடுப்பு. கடல் இல்லை. ஏரிகளில் மீன் பிடிக்கும் உரிமை குத்தகைக்குப் போய்விடுகிறது. காவிரியில் பீமேஸ்வரிப் பக்கம் பேர்போன மஹ்சீர் தூண்டில் முகாம்களும் சரணாலயச் சட்டத்தால் நின்றுபோயின. ஆகவே சுமார் 400 கிலோமீட்டர் இராப்பயணம் செய்து மேற்குக் கரை மல்பே. நண்பர் என்னையும் கூட்டிப்போனார். பன்னிரண்டடித் தடி, ரீல், பெட்டி நிறையப் பிளாஸ்டிக் மீன்கள். மணலில் ஒரு குழாயைக் குத்தி, அதில் தடியைச் செருகி, நுனியில் ஒரு சின்ன மணியைக் கட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். மணி அடித்தால் மீன். சுட்டுவிரல் வளர்த்த குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது.

ஆனாலும் அவருக்கு மீன் விழுந்தது. மல்பேக்காரர்கள் அதைக் 'காணெ' என்றார்கள்; பார்த்தால் எங்கள் கிழக்கன், தமிழ்நாட்டுக் கிழங்கான். ரவையில் புரட்டிப் பொரித்துத் தந்தார்கள். நன்றாகவே இருந்தது. சொதியில் போட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

நண்பர் கைப்பேசியில் வற்று, பெருக்கு நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மேற்குக் கரையில் அது நியாயம். அங்கே கடல் ஒன்றரை மீட்டர் வரை ஏறி இறங்கும். எங்கள் பக்கம் அரை மீட்டர் என்றாலே பெரிது. அதனால் நாங்கள் காற்றைப் பார்க்கிறோம். வாடை வந்தால் மணற்காட்டில் நிற்கமுடியாது. சோழகம் பெயர்ந்தால் கரையோரக் கடல் படுத்துவிடும். பெரியப்பா முற்றத்தில் நின்றபடியே அன்றைக்குப் போகலாமா என்று சொல்லிவிடுவார். அந்த ஒரு சனி ஞாயிறில் மல்பேயில் அப்படிச் சொன்ன ஒருவரையும் நான் காணவில்லை. மெரினாவிலும் தூத்துக்குடியிலும் கையாலேயே வீசுகிறவர்கள் இருக்கிறார்கள், தங்கூசியை அங்கே நரம்பு என்பார்கள் என்று என் மனைவி சொன்னாள். இருக்கட்டும்.

கம்பத்துப் பேச்சு எனக்கு உறைத்ததற்குக் காரணம் மீன் அல்ல. எங்களில் எத்தனையோ பேருக்குத் தூண்டில் இருந்தது, கரை இல்லை. எங்கள் வடகரை மயிலிட்டிச் சனம் 1990இல் போரால் ஊரைவிட்டு வெளியேறியது. அவர்களுடைய துறைமுகம் இராணுவத்திடமிருந்து திரும்பக் கிடைத்தது 2017 ஜூலையில். இருபத்தேழு வருடம் கடலுக்குப் பக்கத்து ஊர்களிலேயே இருந்துகொண்டு, சொந்தக் கரையில் ஒரு ஈயக்கட்டை வீச முடியாமல் இளைப்பாறிச் செத்தவர்கள் உண்டு. வாகனத்தில் தடியை ஏற்றிக்கொண்டு நினைத்த கடற்கரைக்குப் போகிறவருக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நான் சொல்லவும் இல்லை.

மல்பேக்காரரோடு எனக்குச் சண்டை கிடையாது. ஜூன், ஜூலையில் கர்நாடகக் கடல் கொந்தளிக்கும். இயந்திரப் படகுகளுக்கே அந்த இரண்டு மாதமும் தடை. அதே மாதங்களில் சோழகம் கரையிலிருந்து கடலுக்கு வீசுவதால் எங்கள் கிழக்குக் கரை அமைதியாகக் கிடக்கும். 2023இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் நின்றும் ஓடியும் வருகிறது. ஓடும் நாளாகப் பார்த்து ஏறுங்கள், நாலு மணி நேரப் பயணம்தான். தடியைக் கொண்டுபோவது உங்கள் விருப்பம். மணியை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.