மூச்சையும் அளக்கும் பொம்மை: லிட்டில் ஆன் க்யூசிபிஆர்

இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கி மூச்சுக் கொடுக்கும் முதலுதவியான சிபிஆர் சொல்லிக்கொடுப்பவர்களுக்கு ஒரு பழைய சிக்கல் உண்டு. மாணவர் பொம்மையின் நெஞ்சை அமுக்குகிறார். ஆசிரியர் பக்கத்தில் நின்று "இன்னும் ஆழமா, இன்னும் வேகமா" என்கிறார். அமுங்கியது 4 சென்டிமீட்டரா 5 சென்டிமீட்டரா என்று வெறும் கண்ணால் யாராலும் சொல்ல முடியாது. இதற்குத் தீர்வாக வந்த பயிற்சிப் பொம்மைகளில் ஒன்று, நார்வே நாட்டு லேர்டால் நிறுவனத்தின் லிட்டில் ஆன் க்யூசிபிஆர். நாகர்கோவிலில் செவிலியர் மாணவிகளின் வகுப்பிலும், குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றில் மீன்பிடி இளைஞர்களுக்கு நடந்த பயிற்சியிலும் இதை வைத்துப் பார்த்தேன். குமரி மாவட்டத்தில் அவசர சிகிச்சை கற்பிப்பவர்களுக்கு இது எவ்வளவு கைகொடுக்கும் என்று தெரிந்துகொள்வதே நோக்கம்.

பையில் இருப்பது என்ன?

தலையும் மார்பும் மட்டும் கொண்ட, வளர்ந்த ஆளின் உருவம். கை, கால் கிடையாது. அதனால் இருசக்கர வாகனத்தில்கூட எடுத்துப் போகலாம். தூக்கிச் செல்லும் பையை விரித்தால் அதுவே முட்டி போட்டு உட்காரும் பாயாகிவிடுகிறது. பேட்டரியில் ஓடுவதால் மின்சாரம் நின்றாலும் வகுப்பு நிற்காது. உள்ளே இருக்கும் உணரிகள் ப்ளூடூத் வழியாகக் கைபேசிக்கு அளவுகளை அனுப்புகின்றன. மாணவர் தனியே பழக ஒரு செயலி, ஆசிரியர் பல பொம்மைகளை ஒரே திரையில் கவனிக்க ஒரு செயலி, இரண்டும் இலவசம். ஏற்கெனவே உணரி இல்லாத பழைய லிட்டில் ஆன் வைத்திருக்கும் நிறுவனங்கள் புதுப் பொம்மை வாங்க வேண்டியதில்லை. அதற்குள் பொருத்தும் மேம்பாட்டுத் தொகுப்பு தனியாகவே கிடைக்கிறது.

நெஞ்சு அமுக்கம்

நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கம், ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 6 சென்டிமீட்டரைத் தாண்டாமல். ஒவ்வோர் அமுக்கத்துக்குப் பிறகும் நெஞ்சு முழுவதுமாக மேலெழ விட வேண்டும். அப்போதுதான் இதயத்துக்குள் இரத்தம் திரும்ப நிரம்பும். இந்த மூன்றையும் செயலி அந்த நொடியிலேயே காட்டுகிறது.

இரண்டு வகுப்புகளுக்கும் இருந்த வித்தியாசம் திரையில் பளிச்சென்று தெரிந்தது. செவிலியர் மாணவிகளுக்கு ஆழம் போதவில்லை. முழங்கையை மடக்கி, கையின் பலத்தால் மட்டும் அமுக்கினார்கள். தோளை நேராக மேலே கொண்டுவந்து உடல் எடையை இறக்கச் சொன்னதும் அளவு சரியானது. வலை இழுத்துப் பழகிய இளைஞர்களுக்கு ஆழம் ஒரு பிரச்சினையே இல்லை. அவர்களுடைய குறை வேறு: அமுக்கிய கையை முழுவதுமாக விடாமல் நெஞ்சின் மேலேயே சாய்ந்து கிடந்தார்கள். பக்கத்தில் நிற்கும் ஆசிரியர் பலமான அமுக்கத்தைப் பார்த்து "சபாஷ்" என்றுதான் சொல்லியிருப்பார். பொம்மை அதைத் தவறென்று காட்டிக்கொடுத்தது. இந்த ஒரு வசதிக்காகவே ஆசிரியர்கள் இதை மதிக்கலாம். அமெரிக்க இதயச் சங்கம், பெரியவர்களுக்கான சிபிஆர் கற்பிக்கும் தன் வகுப்புகள் அனைத்திலும் இத்தகைய அளவீட்டுக் கருவி இருந்தே ஆக வேண்டும் என்று 2019 ஜனவரி முதல் விதித்திருப்பதன் காரணமும் இதுதான்.

மூச்சு: நம் மாவட்டத்துக்கு முக்கியமான பகுதி

இந்திய மயக்கவியல் மருத்துவர் சங்கம் முன்னெடுத்த இந்திய உயிர்மீட்பு வழிகாட்டுதல்கள் 2017இல் வெளிவந்தன. பொதுமக்களுக்கு நெஞ்சு அமுக்கம் மட்டும் போதும் என்று அவை எளிமையாக்கின. நடுவழியில் மாரடைப்பால் இதயம் நின்று சாய்பவருக்கு அது சரியான வழிமுறை. அவருடைய இரத்தத்தில் சில நிமிடங்களுக்கான ஆக்சிஜன் இருக்கிறது. அதை மூளைக்குத் தள்ளிவிட்டால் போதும்.

தண்ணீரில் மூழ்கியவர் நிலை வேறு. அவருக்கு முதலில் நின்றது மூச்சு; இரத்தத்தில் இருந்த ஆக்சிஜன் தீர்ந்த பிறகே இதயம் நிற்கிறது. காற்றுக் கொடுக்காமல் நெஞ்சை மட்டும் அமுக்கினால் ஆக்சிஜன் இல்லாத இரத்தம்தான் சுற்றி வரும். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2024 புதுப்பிப்பும் இதைத்தான் வலியுறுத்துகிறது: மூழ்கியவருக்கு அமுக்கத்தோடு மூச்சும் வேண்டும்; பயிற்சி பெற்றவர்கள் மூச்சிலிருந்தே தொடங்கலாம்.

ஆரோக்கியபுரத்திலிருந்து நீரோடி வரை ஏறக்குறைய 70 கிலோமீட்டர் கடற்கரை, ஊருக்கு ஊர் குளம், வயலை ஒட்டி ஓடும் கால்வாய்கள் என்று தண்ணீரோடு வாழும் மாவட்டம் இது. 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவம் படித்த இளைஞர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இங்கே கற்பிக்கும் சிபிஆரில் மூச்சுப் பாடம் இல்லாமல் இருக்கக் கூடாது.

அந்தப் பாடத்தை லிட்டில் ஆன் நன்றாகவே நடத்துகிறது. தலையைப் பின்னால் சாய்த்துத் தாடையை உயர்த்தாவிட்டால் காற்று உள்ளே போகாது. மனிதத் தொண்டையும் அப்படித்தான். சரியாகச் செய்தால் மார்பு எழும்புகிறது. காற்று குறைந்தாலும் கூடினாலும் திரை சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு மூச்சையும் ஒரு நொடி நேரம், மார்பு எழும் அளவு மட்டும் ஊதினால் போதும். பயத்தில் பலமாக ஊதினால் காற்று வயிற்றுக்குப் போய் வாந்தியை வரவழைக்கும். கடற்கரை வகுப்பில் முதல் சுற்றில் பெரும்பாலோர் இப்படித்தான் ஊதினார்கள். அளவைப் பார்த்த பிறகு இரண்டாம் சுற்றிலேயே திருத்திக்கொண்டார்கள்.

அங்கே ஒருவர் கேட்ட கேள்வி முக்கியமானது. "டீச்சர், தண்ணி குடிச்சவனுக்கு மொதல்ல வயித்துத் தண்ணிய எடுக்கண்டாமா?" பயிற்சி கொடுத்த மூத்த செவிலியர் சொன்னார்: "வேண்டாம் மக்களே. வயித்த அமுக்கினா உள்ள கெடக்கிறதெல்லாம் மேல வந்து மூச்சுக்குழலுக்குள்ள போயிரும். மொதல்ல காத்தக் குடு." தோளில் கவிழ்த்துப் போட்டுச் சுற்றுவதும் வயிற்றைப் பிசைவதும் பொன்னான நிமிடங்களை வீணாக்கும் பழக்கங்கள். அதை வாயால் எத்தனை முறை சொன்னாலும் பொம்மையின் மார்பு எழும்புவதைக் கண்ணால் பார்ப்பதற்கு ஈடாகாது.

இந்தப் பொம்மைக் குடும்பத்தின் வரலாறும் தண்ணீரோடு சேர்ந்ததே. ஆஸ்மண்ட் லேர்டால் அடிப்படையில் விளையாட்டுப் பொம்மை செய்தவர். தண்ணீரில் மூழ்கவிருந்த தன் சின்ன மகனைத் தாமே காப்பாற்றியவர். வாயோடு வாய் வைத்து மூச்சுக் கொடுக்கும் முறையை நிறுவிய மருத்துவர் பீட்டர் சஃபாரின் பணியை ஒட்டி 1960இல் அவர் வெளியிட்டதுதான் முதல் ரெசஸி ஆன் பொம்மை.

ஆசிரியருக்கு ஒரு வழிமுறை

திரையை முதலிலேயே காட்டிவிட வேண்டாம். இரண்டு நிமிடம் திரையைத் திருப்பி வைத்துச் செய்ய விடுங்கள். "எப்படிச் செய்தாய்?" என்று மாணவரிடமே கேளுங்கள். பிறகு மதிப்பெண்ணைக் காட்டுங்கள். தான் நினைத்ததற்கும் செய்ததற்கும் உள்ள இடைவெளியை அவரே காண்பார். அடுத்த சுற்றைத் திரையைப் பார்த்துக்கொண்டே செய்யட்டும். கடைசிச் சுற்றில் திரை மறுபடியும் வேண்டாம். கடற்கரையில் யார் கையிலும் இந்தத் திரை இருக்கப்போவதில்லை. செயலியில் உள்ள போட்டி விளையாட்டை இறுதியில் வைத்தால் சோர்ந்த வகுப்பும் எழுந்து நிற்கும்.

சுத்தத்தில் சமரசம் கூடாது. ஒவ்வொருவருக்குப் பிறகும் முகத்தை ஆல்கஹால் துணியால் துடையுங்கள். உள்ளே உள்ள நுரையீரல் பையை வகுப்பு முடிந்ததும் மாற்றிவிடுங்கள். மணலும் உப்புத் தண்ணீரும் படாமல், பங்கு மண்டபம், சமுதாய நலக்கூடம் போன்ற கெட்டித் தரையில் வைத்து நடத்துங்கள்.

எட்டாத இடங்கள்

பொம்மை வாந்தி எடுக்காது. மூழ்கியவர்களில் பலர் எடுப்பார்கள். தலையைப் பக்கவாட்டில் திருப்பி வாயைத் துடைத்துவிட்டுத் தொடர்வதை ஆசிரியர் தனியே நடித்துக் காட்ட வேண்டும். ஆடும் வள்ளத்துக்குள் ஈர உடம்பைக் கிடத்தும் சிரமத்தையும் இது கற்பிக்காது. குளத்தில் விழும் குழந்தைகளை எண்ணினால் வளர்ந்தவர் உருவம் மட்டும் போதாது. அதே வரிசையில் லிட்டில் ஜூனியர், லிட்டில் பேபி என்ற குழந்தைப் பொம்மைகளும் இருக்கின்றன. நுரையீரல் பைக்கும் பேட்டரிக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்காத நிறுவனத்தில் இது சீக்கிரமே அலமாரிக்குள் போய்விடும்.

பணம் இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். உணரி இல்லாத சாதாரணப் பொம்மையும், கைபேசியில் நிமிடத்துக்கு 110 என்று வைத்த இலவச தாளச் செயலியும் இருந்தால் வேகத்தைப் பழக்கலாம். மார்பு எழுவதை ஆசிரியர் கண்ணால் பார்த்து மூச்சையும் திருத்தலாம்.

தீர்ப்பு

செவிலியர் கல்லூரிகள், 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்குப் பயிற்சி தருபவர்கள், மருத்துவக் கல்லூரித் திறன் பயிற்சிக்கூடங்கள் தயங்காமல் வாங்கலாம். ஆனால் அங்கேயே பூட்டி வைக்காதீர்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கடற்கரை ஊர் என்று முறை வைத்து எடுத்துச் செல்லுங்கள். கடலில் கிடப்பவரை முதலில் கரைக்குத் தூக்கிவருவது அந்த ஊர் இளைஞர்தான். 108 வந்து சேரும்வரை மூச்சுக் கொடுக்க வேண்டியவரும் அவரே. வாங்கும் பணத்துக்குரிய பயன் அவர் கைக்குப் பயிற்சி போய்ச் சேரும்போதுதான் கிடைக்கும்.